பெட்டிக்குள் ஒரு சபை



பொழுதுபோக்கு என்று ஒன்றைச் சொன்னவுடன், அது பொழுது மிகுந்தவர்களுக்கே உரியது என்று எண்ணிவிடுவது நம்மவர் வழக்கம். தபால்தலை சேர்ப்பவரைக் கண்டால் பிள்ளைத்தனம் என்போம். நாணயம் சேர்ப்பவரைக் கண்டால், "இதனால் என்ன வருமானம்?" என்போம். பொம்மை சேர்க்கும் பெண்மணியைக் கண்டாலோ அவ்வளவுகூடச் சொல்லுவதில்லை. ஒரு புன்னகை செய்துவிட்டு அப்பால் போய்விடுவோம். அந்தப் புன்னகையைப் பற்றித்தான் இம்மாதம் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் சகோதரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. சித்தூர் மாவட்டத்து ராமகுப்பத்தில் பிறந்தவர். மணமாகிக் கடல் கடந்து வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தாயார் காலமான பிறகு ஊரிலுள்ள வீட்டை விற்றுவிடத் தமையனார் முடிவு செய்திருக்கிறாராம். பரணின்மேல் மூன்று மரப்பெட்டிகள் நிறையக் கொலுப் பொம்மைகள் இருக்கின்றன. "மண் பொம்மைகளுக்காக விமானக் கட்டணம் கொடுத்து வருவார் உண்டோ என்று வீட்டில் எல்லாரும் நகைக்கிறார்கள். எனக்கோ அவற்றை விட மனம் வரவில்லை. என் மனம் சரியா, அவர்கள் நகைப்புச் சரியா?" என்று கேட்டிருக்கிறார். இப்படிப்பட்ட பெட்டிகள் நம் சங்கத்து உறுப்பினர் பலர் வீட்டுப் பரணிலும் உறங்குகின்றன என்பதை நான் அறிவேன். ஆதலால் விடையை இங்கேயே எழுதுகிறேன்.

ராமகுப்பத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து ஜோலார்ப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் குப்பம் என்றொரு நிலையம் வரும். அந்தக் குப்பம் வட்டாரத்தில் ஒரு மண்டலத் தலைமையூர்தான் ராமகுப்பம். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆர்க்காட்டின் பல பகுதிகள் அதனுள் அடங்கின. 1953-இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. தெற்கே சென்றால் தமிழ்நாடு. மேற்கே சென்றால் கன்னட நாடு. வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பேசி வளரும் பிள்ளைகள் அங்கே மிகுதி. குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது பொருத்தமே. பேராசிரியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ள காய்கறிக்காரிகள் மொழி ஒப்பியலில் தேர்ந்திருந்தார்கள்!

பொம்மைக்கு இந்த மூன்று மொழிகளும் செய்யும் மரியாதையைப் பாருங்கள். தமிழர் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு. தெலுங்கர் வீட்டில் 'பொம்மல கொலுவு'. அதைத் தசராவில் வைப்பாரும் உண்டு, சங்கராந்தியில் வைப்பாரும் உண்டு. கன்னடர் வீட்டில் 'கொம்பே ஹப்பா', அதாவது பொம்மைத் திருவிழா. மைசூர்ப் பக்கத்தில் மணமகளுக்குப் பெற்றோர் ஒரு ஜோடி மரப்பொம்மை கொடுத்தனுப்புவார்கள்; பட்டத்துப் பொம்மை என்று அதற்குப் பெயர். நம் வீடுகளில் மரப்பாச்சித் தம்பதியைச் சீரோடு அனுப்புவதும் அதே வழக்கந்தான். கொலு என்ற சொல்லுக்கு அரசன் வீற்றிருக்கும் சபை என்பது பொருள். மூன்று மொழி பேசும் ஓரூரில், ஒரே தெருவில், வெவ்வேறு பெயரில் ஒரே சபை கூடுகிறது.

இனி, நகைப்புக்கு வருவோம். பொம்மை குழந்தைக்குரியது, வளர்ந்தவருக்கு ஆகாது என்பதே நகைப்பின் வேர். தமிழ் அப்படிக் கருதியதாகத் தெரியவில்லை. பொம்மைக்குப் பழைய பெயர் பாவை. அதே சொல் பெண்ணையும் குறிக்கும். கண்ணின் மணியையும் குறிக்கும். சங்கநூல்களில் ஆற்றங்கரை வண்டலில் பாவை செய்து மகளிர் விளையாடியதைப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்; வண்டற்பாவை என்றே அதற்குப் பெயர். அலை வந்து அதைக் கரைத்துவிடும். கரையும் என்று தெரிந்தும் மறுநாள் மீண்டும் செய்தார்கள். வருமானம் கேட்பவருக்கு இதில் என்ன விடை கிடைக்கும்?

வளர்ந்தவர் ஒருவர் பொம்மையின்மேல் காதல் கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தலைநகராகிய தில்லியிலேயே சான்று நிற்கிறது. கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1902-இல் கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்தவர். 1948-இல் 'சங்கர்ஸ் வீக்லி' என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். பிரதமர் நேருவையே தம் தூரிகையால் கேலி செய்து, அந்த நேருவாலேயே பாராட்டப்பெற்றவர். குழந்தைகளுக்காக அவர் நடத்திய சித்திரப் போட்டிக்குப் பரிசாக, 1950-களின் தொடக்கத்தில் ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைக் கொடுத்தார். அதன் அழகில் சங்கர் மயங்கிவிட்டார். அப்புறம் எந்த நாட்டுக்குப் பயணம் போனாலும் அந்த நாட்டுப் பொம்மையோடுதான் திரும்பிவருவார். ஐந்நூறு பொம்மைகள் சேர்ந்தன. அவற்றை ஊர் ஊராக எடுத்துச் சென்று, குழந்தைகள் வரைந்த சித்திரங்களோடு காட்சிக்கு வைத்தார். கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் பொம்மைகள் பல உடைந்தன. காட்சி ஒன்றுக்கு வந்த நேருவிடமும் இந்திராவிடமும் இந்தக் குறையை அவர் சொல்ல, நிலையான ஓரிடம் வேண்டும் என்று இந்திரா யோசனை கூறினார். 1965-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், சங்கர் பன்னாட்டுப் பொம்மைக் காட்சிச்சாலையைக் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இன்று அங்கே எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகள் இருக்கின்றன.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எண்ணிக்கை அன்று. அந்தச் சாலையோடு ஒரு தொழிற்கூடமும் இணைந்திருக்கிறது. மணப்பெண், நடனமாது, பல்வேறு மாநிலத்து ஆண் பெண் என்று நம் நாட்டுப் பொம்மைகளை அங்கே கையால் செய்கிறார்கள். வெளிநாட்டார் ஒரு பொம்மை அனுப்பினால், பதிலுக்கு நம் பொம்மை ஒன்று செல்லும். வாங்கிச் சேர்க்கத் தொடங்கிய கை, செய்து கொடுக்கும் கையாக மாறிவிட்டது. அக்கூடத்தின் பொம்மைகள் 1980-இல் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரத்துப் போட்டியில் முதற்பரிசும் பெற்றன. சேகரிப்பு என்பது வெறும் அடுக்குதல் அன்று என்று சொல்ல இதைவிட வேறு சான்று எதற்கு?

நம் வீட்டுப் பெண்கள் இதை எந்தக் காட்சிச்சாலைக்கும் முன்பே செய்துவந்தார்கள். மரப்பாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பதிக் கடைகளில் ஜோடியாக விற்கும் அந்தச் சிவந்த மரப்பொம்மைக்கு ஆடை கிடையாது. முகத்திலே செதுக்குவேலையும் அதிகமில்லை. அதுவே அதன் பெருமை. கடைக்காரர் பாதிதான் விற்கிறார். மற்றப் பாதியை வாங்கியவர் செய்துகொள்ள வேண்டும். தாவணியில் கத்தரித்த துண்டு மரப்பாச்சிக்குப் புடைவையாகும். பழைய வேட்டிக் கரை அங்கவஸ்திரமாகும். உதிர்ந்த மணி இரண்டு கிடைத்தால் தோடாகும். ஒரு வீட்டு மரப்பாச்சியை மற்றொரு வீட்டு மரப்பாச்சியோடு வைத்துப் பார்த்தால் மரம் ஒன்றுதான், ஆள் வேறு. பனி பெய்யும் நாட்டிலே நம் சிறுமி ஒருத்தி தன் மரப்பாச்சிக்குக் கம்பளி அங்கியும் தொப்பியும் பின்னி அணிவித்தால், பாட்டி முகம் சுளிக்கலாகாது. அந்தக் குழந்தை வழக்கத்தை மீறவில்லை. வழக்கம் சொன்னதைத்தான் செய்கிறாள்.

கொலுப்படியின் கீழே அமைக்கும் பூங்காவும் அப்படியே. தட்டிலே மண் பரப்பிக் கேழ்வரகு தெளித்தால் சில நாளில் பச்சைக் கம்பளம் விரிந்துவிடும். கண்ணாடித் துண்டு குளமாகும். ராமகுப்பத்தைச் சுற்றிலும் கேழ்வரகு விளைகிறது. அதைத் தின்னக் காட்டு யானைகளும் இறங்கி வருகின்றன. 1980-களில் அப்பக்கத்துக் காடுகளுக்கு யானைகள் வந்து குடியேறின. 1990-இல் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. ஆதலால் அவ்வூர்க் குழந்தை தன் தட்டுப் பயிருக்கு நடுவே மண் யானையை நிறுத்தி, பரணில் ஒரு காவற்காரனையும் ஏற்றிவைக்குமானால், அது கற்பனை என்று சொல்ல முடியாது. செய்தி என்றே சொல்ல வேண்டும். தான் கண்ட உலகைக் கையகலத்தில் மீண்டும் படைத்துப் பார்க்கும் இன்பம் அது. சித்திரம் எழுத வராதவர்க்கும் பாட வராதவர்க்கும் அந்த இன்பம் திறந்திருக்கிறது.

ஊர் ஊராகப் பொம்மை வேறுபடுவதை அறிந்துகொள்வதே ஒரு கல்வி. தஞ்சாவூர் ராஜா ராணியைத் தள்ளிவிட்டால் ஆடி ஆடி மீண்டும் நிமிர்ந்து நிற்பார்கள். அடிப்பாகம் உருண்டையாய்க் கனத்திருப்பதால் பாரம் முழுவதும் கீழே தங்குகிறது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் புரியாத பிள்ளைக்கு இந்த ராஜா ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவார். விஜயவாடாவுக்கு அருகில் கொண்டபள்ளியில் பொனிகி என்னும் இலேசான மரத்தில் உறுப்புக்களைத் தனித்தனியே செதுக்கி ஒட்டி, புளியங்கொட்டைப் பசையோடு மரத்தூள் சேர்த்து வடிவம் திருத்தி, பிறகு வண்ணம் தீட்டுகிறார்கள். ஏடிகொப்பாக்காவிலும் கன்னட நாட்டுச் சன்னபட்டணத்திலும் கடைசல் பிடித்து, சுழலும் மரத்தின்மேலேயே அரக்கு வண்ணத்தை ஏற்றுகிறார்கள். பண்ணுருட்டியிலும் மதுரைக்கருகே விளாச்சேரியிலும் மண் பொம்மைகள். சித்தூர் மாவட்டத்திலேயே பலமனேர்ப் பக்கத்தில் சுடுமண் வேலை நடக்கிறது; காளஹஸ்தி வட்டாரத்து மாதவமாலையில் மரச்சிற்பம் செதுக்குகிறார்கள். மாதவமாலையும் காளஹஸ்தியும் திருப்பதியும் 2022-இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. பொம்மை வாங்கப் போகிறவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இப்போது ஏழு படிக் கொலுவை அப்படியே பெட்டியில் போட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் வியாபாரம் பெருகியிருக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்களின் சிரமம் எனக்குத் தெரியும். வாங்குகிறவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் அது சேகரிப்பு ஆகாது. ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று நம் முன்னோர் வைத்த வழக்கத்தில் நுட்பம் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் தொடங்கிய பெண்ணிடம் அறுபத்தைந்தாம் வயதில் நாற்பது பொம்மைகள் இருக்கும். நாற்பதுக்கும் நாற்பது கதைகள் இருக்கும். இது மகன் பிறந்த ஆண்டு வாங்கிய யானை. இது வேலை போன ஆண்டில் மலிவாகக் கிடைத்த குறத்தி. இது கால் உடைந்து பசையால் ஒட்டிய செட்டியார். செட்டியார் மனைவியோடு மளிகைக் கடை விரித்து உட்கார்ந்திருப்பதால் கால் உடைந்தது வெளியே தெரியாது!

பொம்மையிடம் பெரியவர்களும் பிள்ளைகளும் மனம் பறிகொடுப்பது நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் பெண் குழந்தைகளின் விழா. சிவப்புத் துணி விரித்த படிகளிலே அரசன் அரசியை மேலேயும் பரிவாரத்தைக் கீழேயும் வைக்கிறார்கள். பெரிய வரிசைக்கு ஏழு படி. விழா முடிந்தும் பொம்மைகளை எடுத்துவைக்கத் தாமதித்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தாமதமாகும் என்று அங்கே சொல்வார்களாம்! நம் பாட்டிமார் இதை அறிந்திருந்தால் மிகவும் பயன்படுத்தியிருப்பார்கள்.

அந்த நாட்டோடு தொடர்புள்ள ஒரு வரலாறு, அயல்நாட்டில் குடியேறிய நாம் அறியத்தக்கது. 1924-இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேற்றத்தைச் சட்டத்தால் தடுத்தது. இரு நாட்டு உறவும் கசந்தது. ஜப்பானில் நெடுநாள் ஊழியம் செய்து திரும்பிய சிட்னி குலிக் என்னும் பாதிரியார், குழந்தைகளாவது நட்புக் கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் வகுத்தார். 1927-இல் அமெரிக்கக் குழந்தைகள் அனுப்பிய பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகள் ஜப்பானியப் பள்ளிகளுக்குச் சென்றன. ஜப்பானியர் பதிலுக்கு, பட்டுடை அணிந்த 58 பெரிய பொம்மைகளை அனுப்பினார்கள். பிறகு யுத்தம் வந்தது. பகைவர் பொம்மை என்று அவற்றை எரிக்கவும் உடைக்கவும் ஜப்பானில் உத்தரவு பிறந்தது. பெரும்பாலானவை அழிந்தன. ஆயினும் சிலர் உத்தரவுக்கு அஞ்சாமல் பொம்மைகளை ஒளித்துவைத்தார்கள். யுத்தம் முடிந்து வெகுகாலம் கழித்து அவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. முந்நூறுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. உயிருக்கே ஆபத்தான நாளில் ஒரு பொம்மையைச் சுற்றி மூடி மறைத்தவரைப் பார்த்து யார் நகைப்பார்கள்?

ஆகவே, சகோதரியே, தங்கள் மனம் சரியே. விமானக் கட்டணம் கொடுத்துப் போகலாம். ஆனால் மூன்று பெட்டிகளையும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மண் பொம்மை கனமானது, நொறுங்கக் கூடியது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்வதிலும் ஒரு கலை இருக்கிறது.

முதலாவதாக, கூட்டமாகச் செய்தவற்றைப் பிரிக்க வேண்டாம். உடன்பிறந்தார் நால்வர் என்பதற்காகத் தசாவதாரத்தை ஆளுக்கு இரண்டரை அவதாரமாகப் பங்கிட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன்; நரசிம்மர் ஒரு கண்டத்திலும் வாமனர் ஒரு கண்டத்திலுமாக யாருக்கும் பயனின்றி நிற்கிறார்கள். வரிசை முழுவதும் ஒருவருக்கே போகட்டும். மற்றவர்க்கு வேறு பொம்மைகள் கிடைக்கும். சண்டை வந்தால் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். மரப்பாச்சித் தம்பதியையும் பிரித்தலாகாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, சட்டம். பழைய மரப்பாச்சி செம்மரத்தாலானதாக இருக்கலாம். சேஷாசல மலைப்பகுதியில் வளரும் அந்த மரம் இன்று கடுமையாகக் காக்கப்படுகிறது. பன்னாட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. பாட்டி கொடுத்தது என்று சொன்னால் சுங்க அதிகாரி உருகிவிடுவார் என்று நம்பிப் பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்படுவது தவறு. முன்னதாகவே விசாரித்து, அனுமதி வேண்டுமாயின் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் எந்த மரப்பொருளையும் இறங்கும்போதே அறிவித்தாக வேண்டும். பூச்சி அரித்த துளை இருந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

மண் பொம்மையின் தூசியை உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரத் துணி பட்டால் வண்ணம் கரைந்துவிடும். பழைய பருத்தி வேட்டியை விடச் சிறந்த உறை இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அச்சுத்தாளைப் பொம்மையின்மேல் நேரே சுற்றினால் மை ஒட்டும். துணிக்கு வெளியே சுற்றலாம். கூழ்ப் பொம்மைகளைத்தான் பூச்சி முதலில் தேடி வரும்; நன்றாக உலர்ந்த வேப்பிலையை இடையிடையே இடலாம். குளிர்நாட்டில் இருப்பவர்கள் மரப்பொம்மையைக் கணப்புக்கு அருகில் வைக்கலாகாது. வறண்ட வெப்பத்தில் மரம் வெடிக்கும்.

எடுத்துவர முடியாதவற்றைக் குப்பையில் எறிய வேண்டாம். ஊரிலே கொலு வைக்கும் வீடு ஏதேனும் இருக்கும். தெலுங்கு வீடாயினும் கன்னட வீடாயினும் அந்தப் படியில் நம் பொம்மைக்கு இடம் உண்டு.

எல்லாவற்றிற்கும் முன்னால் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். பொம்மைக்கு ஓர் எண். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வாங்கியது, என்ன விலை, எங்கே உடைந்தது என்று எழுதிவையுங்கள். பெட்டியைத் திறக்கும்போது ஊரிலுள்ள அத்தை, சித்தி, அண்டைவீட்டு மூதாட்டி எவரேனும் ஒருவரை அருகில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொம்மை எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்பது அவருக்குத் தெரியும், பெட்டியின்மேல் எழுதியிருக்காது. நவராத்திரிக்கு முன்பே பயணச்சீட்டு வாங்கிவிடுவது நலம். புரட்டாசியில் திருப்பதிப் பக்கத்து ரயில்களில் இடம் கிடைப்பது அரிது.